பெயர் முன்மொழியப்படும்போது

நான்கு, இரண்டு, இரண்டு. 2024 பெப்ரவரியில் பொலிஸ் மா அதிபர் பதவிக்குத் தேசபந்து தென்னகோனின் பெயர் அரசியலமைப்புப் பேரவைக்கு வந்தபோது விழுந்த வாக்குகள் இவை. ஆதரித்தவர்கள் நால்வர், எதிர்த்தவர்கள் இருவர், இரண்டு பக்கமும் சேராமல் ஒதுங்கியவர்கள் இருவர். பேரவை ஒரு பெயரை அங்கீகரிக்கக் குறைந்தது ஐந்து வாக்கு வேண்டும். அன்றைய சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன, ஒதுங்கிய இருவரையும் எதிர்த்தவர்களோடு சேர்த்து நான்குக்கு நான்கு என்று எண்ணி, தன் அறுதியிடும் வாக்கை அளித்தார். பெப்ரவரி 26 இல் நியமனம் நடந்து முடிந்தது. இந்தக் கணக்கு செல்லுமா என்று பலர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஜூலை 24 இல் நீதிமன்றம் அவரைக் கடமையாற்ற விடாமல் இடைக்காலத் தடை விதித்தது. சட்டம் தெரிந்தவர்கள் அந்த ஐந்தாவது வாக்கைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கோ ஒதுங்கிய அந்த இருவரின் நினைவுதான் விடாமல் வருகிறது. ஆம் என்று சொல்ல மனம் வராத ஏதோ ஒன்று அவர்களிடம் இருந்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்லப் போதாத ஏதோ ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அந்த அறையில் ஐயத்தை எடுத்து மேசையில் வைத்து விசாரிக்க ஒரு வழி இருந்திருந்தால் அவர்களுடைய தயக்கம் ஒரு தொடக்கமாகியிருக்கும். வழி இல்லாததால் அது ஓர் எண்ணாக மட்டும் எழுதப்பட்டது. அந்த எண்ணும் அவர்கள் நினைத்திராத வேலைக்குப் பயன்பட்டது.

ஐயம் என்று நான் சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். 2023 டிசம்பர் 14 இல் உயர் நீதிமன்றம் ஓர் அடிப்படை உரிமை வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வழக்கு 2011 இல் தாக்கலானது. மனுதாரர் ஒரு முன்னாள் படைவீரர். தேசபந்து நுகேகொடையில் கடமையாற்றிய காலத்தில் அவரும் வேறு சில பொலிஸாரும் இந்த மனிதரைப் பிடித்துவைத்து, உடையைக் களைந்து அடித்து, மறைவிடத்தில் தைலம் தேய்த்துச் சித்திரவதை செய்தார்கள் என்று நீதிமன்றம் கண்டது. நட்டஈடு கொடுக்கச் சொன்னது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி பொலிஸ் ஆணைக்குழுவிடமும் சொன்னது. தீர்ப்பு வந்த நாளில் தேசபந்து பதில் பொலிஸ் மா அதிபர். தீர்ப்புக்கும் நிரந்தர நியமனத்துக்கும் நடுவில் பத்து வாரங்கள். ஒருவர் பன்னிரண்டு வருடம் நீதிமன்றப் படியேறிப் பெற்ற தீர்ப்பைவிட வலுவான சாட்சியம் எந்த நியமன மேசைக்கும் கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் பேரவை மூடிய கதவுக்குள் கூடியது. சித்திரவதைப்பட்டவர் வந்து உட்கார அங்கே ஒரு கதிரை போடப்படவில்லை. போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அந்தத் தைலத்தின் எரிவைப் பற்றி யாரும் அந்த மேசையில் கேட்டார்களா, கேட்டால் முன்மொழியப்பட்டவர் என்ன பதில் சொன்னார் என்பதை அறிய நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். அடிப்படை உரிமை வழக்கு குற்றவியல் வழக்கல்லவே, அவர் குற்றவாளி என்று தண்டிக்கப்படவில்லையே, நிரூபிக்கப்படாத வரை யாரும் நிரபராதிதானே என்று. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. அதனாலேயே இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நிரபராதி என்ற அனுமானம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முன் அவருக்கு நாம் தர வேண்டிய காவல். பதவி யாருக்கும் பிறப்புரிமையல்ல. கொடுக்காமல் விட்டால் அவர் இழப்பது தன்னிடம் இருந்த ஒன்றை அல்ல. எங்கள் கிழக்குக் கரையில் மாப்பிள்ளை, பெண் வீட்டுக்கு வருகிறவர். பெண்ணைப் பெற்றவர்கள் வீடும் வளவும் எழுதிக் கொடுத்து அவரை உள்ளே அழைக்கிறார்கள். அதனால் விசாரிப்பு கடுமையாக இருக்கும். அவர் வேலை செய்யும் கந்தோரில், பிளேன்டீ குடிக்கும் கடையில், சுபஹுத் தொழுகைக்கு வருகிறாரா என்று பள்ளிவாசல் வாசலில், முன்னர் ஒரு கலியாணம் பேசி நின்றுபோனதென்றால் அந்த வீட்டிலும்கூட கேட்பார்கள். கை நீட்டுகிறவர் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், பேச்சு நின்றுவிடும். நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டு வா என்று எந்தப் பெண்ணின் உம்மாவும் கேட்பதில்லை. நின்றுபோன மாப்பிள்ளையைத் தண்டித்துவிட்டதாகவும் ஊர் நினைப்பதில்லை. ஒரு வீட்டுக்குள் விடுவதற்கு இவ்வளவு பார்க்கிற நாம், நாடு முழுவதற்கும் பொலிஸ் நிலையச் சாவியைக் கையில் கொடுக்கும்போது நிரூபணம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

மார்க்கத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பாத்திமா பின்த் கைஸ் என்ற பெண்மணி தன்னைப் பெண் கேட்டவர்களைப் பற்றி நபியவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவருடைய வறுமையையும் இன்னொருவர் பெண்களை அடிப்பவர் என்பதையும் அவர்கள் ஒளிக்காமல் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. புறம் பேசுவது எப்போதெல்லாம் பாவமாகாது என்று இமாம் நவவி ஆறு இடங்களை எண்ணிச் சொல்கிறார்; அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது அதில் ஒன்று, ஆலோசனை கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்வதும் எச்சரிப்பதும் இன்னொன்று. ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராக எடைபோட்டு, இவர் நம்பத்தக்கவர், இவர் மறதிக்காரர், இவர் பொய்யர் என்று எழுதிவைத்த ஜர்ஹ் வத்தஃதீல் என்ற கலையே நம் அறிஞர்கள் வளர்த்தது. தொழுகையாளியும் நல்லவருமான ஒருவரைக்கூட, ஞாபகசக்தி போதாது என்று அவர்கள் விலக்கினார்கள். அவர் மனம் நோகுமே என்று தயங்கவில்லை, ஏனென்றால் அவரை நம்பி மார்க்கத்தை எடுக்கப் போகிறவர்களின் நலன் பெரிது என்று கண்டார்கள். அதே மார்க்கம் ஆதாரமில்லாமல் ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிப் பேசுகிறவனுக்குக் கடுமையான தண்டனையும் வைத்திருக்கிறது. செய்தி கொண்டு வருகிறவனைத் தீர விசாரி என்றும் கட்டளையிடுகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லவும் வேண்டும், சொல்லப்பட்டதைச் சோதிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும், நேரம் வேண்டும், காது கொடுத்துக் கேட்பவர் வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னால் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஈஸ்டர் தாக்குதல் நடந்த 2019 குறுக்கே நிற்கிறது. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வெடித்த சத்தம் கல்முனை வரை கேட்ட பிறகு இந்தக் கரையில் குற்றச்சாட்டு என்ற சொல்லின் கனமே வேறு. நோன்பு மாதம் முழுவதும் வீடுகள் சோதிக்கப்பட்டன. அலுமாரியில் இருந்த அறபுக் கிதாபுகளை என்ன செய்வதென்று தெரியாமல் சனங்கள் தவித்தார்கள். மே 31 இல் அத்துரலியே ரத்தன தேரர், அமைச்சர் றிஷாத் பதியுதீனையும் ஆளுநர்கள் ஹிஸ்புல்லாஹ், அசாத் சாலியையும் நீக்கக் கோரிக் கண்டியில் உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3 இல், பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்க, அரசாங்கத்தில் இருந்த முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இராஜினாமாவை அறிவித்தார்கள். ஹிஸ்புல்லாஹ்வும் அசாத் சாலியும் ஆளுநர் பதவிகளை விட்டார்கள். பதவி போன பிறகுதான் றிஷாத் பதியுதீன், ஹிஸ்புல்லாஹ், அசாத் சாலி மூவர் மீதும் முறைப்பாடுகளை ஏற்கப் பொலிஸார் மூவர் கொண்ட குழுவை அமைத்தார்கள். முதலில் தண்டனை, பிறகு முறைப்பாடு, அதற்குப் பிறகு விசாரணை. குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கதை இன்னும் கொடியது. ஒரு பத்திரிகைத் தலைப்பில் தொடங்கி, மே 24 இல் கைதாகி, நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நிறுத்தப்பட்டு, கருத்தடை செய்ததற்கு ஆதாரமில்லை என்று குற்றப்புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்ன பிறகு, ஜூலை 25 இல் பிணையில் வந்தார். முறைப்பாடுகளின் எண்ணிக்கையே ஆதாரம் என்று எத்தனை பேர் அன்று தொலைக்காட்சியில் பேசினார்கள். அந்த மாதங்களில் இங்கே வாழ்ந்த ஒருவரிடம் போய், குற்றம் சாட்டுகிறவரை அப்படியே நம்பு என்று சொன்னால் அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே நாங்கள் இரண்டையும் சுமக்கிறோம். விசாரிக்கப்படாத குற்றச்சாட்டு ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பது தெரியும். கேட்கப்படாத முறைப்பாடு ஒரு தனி உடலை என்ன செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்றுதான் நீண்ட காலம் நினைக்கத் தோன்றும். ஆனால் அதே 2019 இல் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று ஈஸ்டர் தாக்குதல் பற்றி விசாரித்தது. ஊடகங்களுக்குக் கதவைத் திறந்து வைத்து விசாரித்தது; ஜனாதிபதி அதை எவ்வளவு வெறுத்தார் என்பது பகிரங்கம். பொலிஸ் மா அதிபரும் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரும் அதே கதிரையில்தான் உட்கார்ந்தார்கள், உலமாக்களும் காத்தான்குடிப் பள்ளிவாசல் பிரதிநிதிகளும் அதே கதிரையில்தான் உட்கார்ந்தார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி முஸ்லிம்களே எத்தனை முறை முறைப்பாடு செய்தார்கள் என்பது அந்த அறையில்தான் நாட்டுக்குக் கேட்கச் சொல்லப்பட்டது. அதற்கு முன் நாங்கள் எங்கள் கடைத் திண்ணைகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அது. அந்தக் குழுவுக்கும் அரசியல் இருந்தது, குறை இருந்தது. என்றாலும் குற்றச்சாட்டில் நசுங்கிக் கிடந்தவர்களுக்கு அந்த ஆண்டில் கிடைத்த ஒரே திறந்த கதிரை அதுதான். விசாரணை என்பது குற்றம் சாட்டுகிறவருக்கு மட்டும் வேண்டியது என்று எண்ணியிருந்தால் அந்த வாரங்கள் அதைத் திருத்தியிருக்கும்.

கதிரை போட்டால் மட்டும் போதாது என்பதற்கும் நம் பாராளுமன்றத்திலேயே சாட்சி உண்டு. 2012 நவம்பரில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 14 குற்றச்சாட்டுகளோடு குற்றப்பிரேரணை வந்தது. தெரிவுக்குழுவில் அரசாங்கத்தரப்பு எழுவர், எதிர்க்கட்சி நால்வர். ஏறக்குறைய ஆயிரம் பக்க ஆவணங்களைக் கையில் கொடுத்து அடுத்த நாளே தயாராகு என்றார்கள். தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று சொல்லி டிசம்பர் 6 இல் அவர் எழுந்து வெளியேறினார். மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர்களும் வெளியேறினார்கள். பிறகு அவர் இல்லாமலேயே சாட்சிகளைக் கூப்பிட்டு, அவசர அவசரமாக அறிக்கை எழுதி முடித்தார்கள். அந்தக் குழுவுக்கு அவரைக் குற்றவாளியாகக் காணும் அதிகாரமே இல்லை என்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகும் 2013 ஜனவரி 11 இல் 155 க்கு 49 என்று பிரேரணை நிறைவேறியது. அன்று நீதி அமைச்சராக இருந்தவர் முஸ்லிம் காங்கிரசின் தலைவர். ஒரு பெண் நீதியரசரை அறையில் வைத்து அவமதித்து அனுப்பிய அரசாங்கத்தில் நம் வாக்குகள் போய்ச் சேர்ந்திருந்தன என்பதை இந்தக் கரையில் யாரும் பேசக் கேட்டதில்லை. அப்போது கரையோர மாவட்டம் பற்றிப் பேசினோம், பிரதேச சபை பற்றிப் பேசினோம்.

அமெரிக்காவில் செனட் சபைக்கு முன் பெயர் முன்மொழியப்பட்டவர் வந்து உட்கார வேண்டும். பொதுமக்கள் பார்க்கக் கேள்வி கேட்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. 1991 ஒக்டோபர் 11 இல் அனிட்டா ஹில் என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியை, உயர் நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தோமஸ் தன்னிடம் முறைகேடாகப் பேசியதைப் பதினான்கு வெள்ளை ஆண்களுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். அவர் பேச்சை உறுதிப்படுத்தச் சாட்சி சொல்லத் தயாராக இருந்த இன்னொரு பெண்ணைக் குழு தன் முன் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. 52 க்கு 48. இருபத்தேழு வருடம் கழித்து, 2018 இல், உயர் நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட இன்னொருவரைப் பற்றிச் சொல்ல கிறிஸ்டீன் பிளேசி ஃபோர்டும் அப்படியே உட்கார்ந்தார். ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற கெடுவோடு ஒரு மேலதிக விசாரணை நடந்தது, ஃபோர்டையே விசாரிக்காமல். 50 க்கு 48. இந்தப் பெண்களை நினைக்கும்போது, திறந்த அறையில் வெளிச்சம் எல்லாம் முறைப்பாடு சொன்னவர் முகத்தில் விழுந்து, பதவி கேட்டவர் இருளில் தப்பிவிடுகிறாரோ என்று சந்தேகம் வருகிறது. மூடிய அறையும் உதவவில்லை, திறந்த அறையும் உதவவில்லை என்றால் வேறு எதைக் கேட்பது? நான் கேட்பது இவ்வளவுதான். முறைப்பாட்டைத் தொலைக்காட்சிக்கு முன் அல்லாமல், அரசியல் கட்சியைச் சாராத, விசாரிக்கத் தெரிந்த ஒருவர் முதலில் கேட்கட்டும். சாட்சிகளைத் தேடிப் போகட்டும். முன்மொழியப்பட்டவருக்கும் பதில் சொல்ல நாட்களைக் கொடுக்கட்டும். வாக்கு அதற்குப் பிறகு நடக்கட்டும், வாக்களித்தவர்கள் தங்கள் காரணத்தை எழுதி வெளியிடட்டும், ஒதுங்கியவர்கள் உட்பட.

இதைக் கொழும்புக்கு மட்டும் எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951 இலிருந்து சொல்கிறது, காதி நீதிவான் நன்னடத்தையும் நல்ல நிலையும் தகுந்த தகைமையும் உள்ள முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்று. நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கிறது. நன்னடத்தையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சட்டம் சொல்லவில்லை. கணவன் அடிக்கிறான், தாபரிப்புத் தருகிறானில்லை என்று கைக்குழந்தையோடு அந்தக் காதியின் முன் நிற்கப் போகிறவர்கள் பெண்கள். அவரது நடத்தை பற்றி அவர்களிடம் கேட்க ஏற்பாடில்லை. பள்ளிவாசலிலும் அப்படித்தான். எங்கள் பகுதியில் குடி தாய்வழியாக வருகிறது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. அந்தக் குடிக்காகப் பள்ளியில் உட்காரும் மரைக்காயர் மட்டும் எப்போதும் ஆண். நம்பிக்கையாளர் சபைக்குப் பெயர்கள் எழுதி வக்பு சபைக்கு அனுப்பும் இரவுகளில் இஷாவுக்குப் பிறகு காரியாலயத்தில் நடக்கும் பேச்சு எனக்குக் கொஞ்சம் தெரியும். கணக்கு வழக்கில் சுத்தமானவரா, எந்தக் குடி, எந்தக் கட்சி, வெளிநாட்டுப் பணம் கொண்டுவரத் தெரிந்தவரா என்றெல்லாம் கேட்பார்கள். ஒருமுறை ஒரு பெயர் வந்தது. அந்த மனிதரின் வீட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் ஏன் நின்றுபோனார்கள் என்பது அந்த ஒழுங்கையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. பெயர் போய், சபையும் வந்து, வருடங்கள் கழிந்த பிறகு என் மாமி ஒருவர் மாவரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல மகன். கேட்டிருந்தா செல்லியிருப்பன்." ஏன் நீங்களாகவே சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார், எந்த வாசலால் உள்ளே போயிருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லை. ஐபை, அதாவது குறையை, மறைப்பது நன்மை என்று சின்ன வயதிலிருந்து ஓதிக் கொடுக்கிறோம். பாதிக்கப்பட்டவள் தன் மானத்தை மறைத்துக்கொள்வதும், பாதித்தவனின் குற்றத்தை ஊரே சேர்ந்து மறைத்துக் கொடுப்பதும் ஒரே நன்மை என்று எந்த ஆலிம் சொன்னார்?

பேரவைகளின் வரலாற்றிலும் நம் கை இருக்கிறது. 2001 இல் 17 ஆவது திருத்தம் கொண்டுவந்த அரசியலமைப்புப் பேரவையை 2010 செப்டெம்பரில் 18 ஆவது திருத்தம் ஒழித்தபோது முஸ்லிம் காங்கிரஸ் அதற்குக் கைதூக்கியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்ததை 2020 ஒக்டோபர் 22 இல் 20 ஆவது திருத்தம் மறுபடி ஒழித்தது. ஜனாதிபதி தன் விருப்பப்படி நியமிக்கலாம், ஐந்து பேர் கொண்ட பாராளுமன்றப் பேரவை அபிப்பிராயம் மட்டும் சொல்லலாம் என்றானது. கொவிட்டில் இறந்த நம்மவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை. முஸ்லிம் காங்கிரசின் ஐந்து உறுப்பினர்களில் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். கல்முனையின் ஹரீஸ், நிந்தவூரின் பைஸல் காசிம் உட்பட மற்ற நால்வரும் ஆதரித்தார்கள். அந்த வாக்கின் பேரம் பற்றி ஊரில் நிறையப் பேசினார்கள். நாட்டின் பொலிஸ் மா அதிபரையும் நீதியரசர்களையும் யார் சோதித்து அனுப்புவது என்ற கேள்வி அந்த வாக்கோடு போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2022 இல் 21 ஆவது திருத்தம் பேரவையை மீண்டும் தந்தது. தேசபந்துவை அங்கீகரித்தது அந்தப் பேரவைதான். ஆக, பேரவை இருந்தால் நல்லது நடந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை.

தேசபந்துவை நீக்குவதற்கு என்னவெல்லாம் வேண்டியிருந்தது என்று பாருங்கள். 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசாரணைக் குழு வேண்டியிருந்தது. அதை அமைக்க 2025 ஏப்ரல் 8 இல் பாராளுமன்றத்தில் 151 வாக்குகள். உயர் நீதிமன்ற நீதியரசர் பிரீத்தி பத்மன் சூரசேன தலைமையில் மூவர் உட்கார்ந்து, சாட்சிகளை அழைத்து, அவருக்கும் பதில் சொல்ல இடம் கொடுத்து, ஏகமனதாகக் குற்றவாளி எனக் கண்டு அறிக்கை தந்தார்கள். ஓகஸ்ட் 5 இல் 177 பேர் நீக்கத்துக்கு வாக்களித்தார்கள். எதிராக ஒருவரும் இல்லை. முறையாகக் கேட்க நமக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். மூன்று பேர், சில மாதங்கள், சாட்சிகளுக்கு ஒரு கதிரை. 2024 பெப்ரவரிக்கு முன் இதில் பாதியைச் செய்திருந்தால் 177 வாக்குகளுக்குத் தேவை வந்திருக்காது. தீர்ப்புக்கும் நியமனத்துக்கும் இடையில், 2023 இன் கடைசி நாளில், அவர் பதில் பொலிஸ் மா அதிபராக இருந்தபோது, வெலிகமவில் ஒரு ஹோட்டலுக்கு முன்னால் பொலிஸாருக்கும் பொலிஸாருக்கும் இடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்தார். இறந்தவரின் வீட்டாருக்கு நம் நடைமுறைகளின் நிதானம் எப்படிப் புரியும்?

தூதுவர், அமைச்சுச் செயலாளர், கூட்டுத்தாபனத் தலைவர் பெயர்கள் பாராளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழுவுக்குப் போகும்போது, அவர்களைப் பற்றிப் பொதுமக்கள் எழுத்தில் அறிவிக்கலாம் என்று பத்திரிகையில் சிறிய எழுத்தில் ஓர் அறிவித்தல் வரும். பெரும்பாலும் அதைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அடுத்த முறை வரும்போது வாசியுங்கள். தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு, பெயரும் திகதியும் போட்டு எழுதி அனுப்புங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள். பொலிஸ் மா அதிபருக்கும் நீதியரசர்களுக்கும் இதே போன்ற அறிவித்தலும் விசாரிப்பும் வேண்டும் என்று நம் மாவட்டத்து உறுப்பினர்களிடம் கேளுங்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும். அடுத்த நம்பிக்கையாளர் சபைக்குப் பெயர்கள் எழுதும் முன், ஊர்ப் பெண்கள் நம்பும் இரண்டு பெண்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து ஒரு வாரம் பொறுத்திருங்கள்.